ஸ்லீவோடு வந்த பிஸ்டன்

சைலன்சர் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்திருந்தால் இந்த வேலையே இல்லை. மழைத்தண்ணீர் இறங்கி, எஞ்சினின் மூன்றாவது பிஸ்டன் துருவேறி ஸ்லீவோடு (பிஸ்டன் ஏறி இறங்கும் குழாய்) ஒட்டிக்கொண்டது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் (ATF) அசிட்டோனும் சரிபாதி கலந்து ஊற்றி 9 நாள் ஊறவிட்டேன். (அசிட்டோன் குப்பென்று பற்றும்; பக்கத்தில் பீடி கூடாது.) மேலிருந்து மரக்கட்டை வைத்து அடித்தேன். ம்ஹூம்! இன்னும் ஓங்கி அடித்தால் பிஸ்டன் தலைதான் உடையும்.

பிஸ்டன் ராடை கிராங்க் என்ற சுழல்தண்டோடு பிடித்திருக்கும் ராட் கேப்பைக் கழற்றினேன். கிராங்க் தாராளமாகச் சுற்றியது. மற்ற இரண்டு பிஸ்டனும் நல்லபடி. நல்லவேளை, இது வெட் ஸ்லீவ்; வெளிப்பக்கம் கூலிங் தண்ணீர் படும், தனியாகக் கழற்ற வரும். கிராங்கை ஒதுக்கி, கீழிருந்து ஸ்லீவ் விளிம்பில் கட்டை கொடுத்து, பக்கம் மாற்றி மாற்றித் தட்டினேன். ஒரு முனகலோடு பிஸ்டனும் ஸ்லீவும் ஒன்றாகவே மேலே வந்தன. தண்ணீர் கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் ரப்பர் வளையம் அப்பளமாக நொறுங்கியது. இப்போது எஞ்சின் பிளாக்கில் ஸ்லீவ் உட்காரும் இடத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.