ஆமும் ஆமை வேகமும்

இலங்கை மலையகத்தின் கொட்டகலையிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஏறும் பாதையில் எந்தக் காரின் லோவர் ஆம் புஷ்ஷும் நீண்ட நாள் தாங்காது. லோவர் ஆம் என்பது சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடிக்கும் இரும்புக் கை; அதன் மூட்டில் குழாயைச் சுற்றி உட்காரும் ரப்பர்தான் புஷ். பள்ளத்தில் இறங்கினால் 'டொக்', பிரேக் அடித்தால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும்.

போன தடவை ஒரு கராஜில் மாற்றியது வருஷம்கூடத் தாங்கவில்லை. ஜாக்கில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டார்கள். புஷ்ஷின் உள்குழாயை அந்த போல்ட் அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். அப்புறம் வண்டி தரையில் உட்காரும்போது ரப்பர் முறுக்கியபடியே நிற்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் முறுக்கி, கடைசியில் கிழிந்துவிடும்.

சரி, நாமே பார்ப்போம் என்று மச்சானைக் கூப்பிட்டேன். ஆமைக் கழற்றியது ஒரு மணி நேரம்தான் (ஊர்கிற ஆமை இல்லை). பழைய புஷ்ஷை நீள போல்ட், சொக்கெட், இரும்புக் குழாய்த் துண்டு வைத்து வெளியே தள்ளுவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. புதியது கோணலாக ஏறியது. மழை வேறு.

"பேசாமல் ஹட்டனுக்குக் கொண்டு போவோம் மச்சான்" என்றார். அங்கே ஹைட்ராலிக் பிரஸ்ஸில் இரண்டு புஷ்ஷையும் ஏற்ற ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம் போதும். அந்தக் கூலியை மட்டும் மனதாரக் கொடுத்தேன்.

ஆமைத் திரும்ப வண்டியில் நாங்களே மாட்டினோம். சக்கரம் தரையில் நின்றபின்தான் கடைசி இறுக்கு. மறுநாள் வீல் அலைன்மென்ட்.

இன்று டெவன் வளைவுகளில் பிரேக் அடித்துப் பார்த்தேன். இழுக்கவில்லை. 'டொக்' மட்டும் வருகிறது, இப்போது பின்பக்கத்திலிருந்து.