கவுன்சலிங் தாள்: உளவியல் விமர்சனக் கேள்வியை நான் எழுதிய விதம்

பி.டி. (இறையியல் பட்டம்) இறுதியாண்டு ரிசல்ட் வந்துவிட்டது. நான் மிகவும் பயந்த கவுன்சலிங் தாளில்தான் மதிப்பெண் கூடுதல். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அடுத்த வருடம் எழுதப்போகிற தம்பி தங்கைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், அதனால் மறப்பதற்கு முன் எழுதிவிடுகிறேன். தாளின் அமைப்பு உங்களுக்கே தெரியும். மதச்சார்பற்ற உளவியலைக் கிறிஸ்தவப் பார்வையில் மதிப்பிடச் சொல்லி ஏதாவது ஒரு வடிவில் வருமே, அந்த நீண்ட கேள்வியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உளவியலாளர்களைப் பற்றிச் சீனியர்கள் பலர் சொல்லித்தந்த வழி இது: ஃப்ராய்டு நாத்திகர், ஸ்கின்னர் நாத்திகர், ஆகவே இருவரும் வேண்டாம், நடுநடுவே வசனம் போடு. தயவுசெய்து இப்படி எழுதாதீர்கள். ஒருவர் நாத்திகர் என்பதாலேயே அவர் கண்டது பொய்யாகிவிடாது. திருத்துகிறவருக்கும் அது தெரியும்.

நான் ஒவ்வொரு உளவியலாளரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் படித்தேன். மனிதனிடம் கெட்டுப்போனது எது என்று இவர் சொல்கிறார்? இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி தானாக வரும். நோய் எதுவென்று சொன்னவர், சுகம் எதுவென்றும் சொல்லியே ஆகவேண்டும். அந்த இடத்தில் ஆய்வு முடிந்து, மனிதனைப் பற்றிய ஒரு நம்பிக்கை தொடங்குகிறது. நம் விமர்சனம் போய் நிற்கவேண்டிய இடம் அதுதான். நினைவாற்றல் பற்றிய சோதனையையோ, குழந்தை வளர்ச்சி பற்றிய கவனிப்பையோ வேதத்தைத் தூக்கிக்கொண்டு போய் மறுக்க வேண்டியதில்லை.

ஃப்ராய்டுக்கு, உள்ளே அடக்கிவைத்த இச்சைதான் சிக்கல். 1927-இல் எழுதிய நூலில் மதத்தையே மாயை என்றார். மறுவருடமே அதற்குப் பதில் எழுதியவர் அவருடைய நண்பர், சூரிக் நகரத்துப் போதகர் ஆஸ்கர் ஃபிஸ்டர். அறிவியல் மனிதனை மீட்டுவிடும் என்று நம்புவதும் ஒரு மாயைதானே என்று திருப்பிக் கேட்டார். அதே ஃபிஸ்டர், அடிமனதில் புதைந்ததை வெளியே கொண்டுவரும் ஃப்ராய்டின் மனப்பகுப்பாய்வு முறையைத் தன் ஊழியத்தில் தாராளமாகப் பயன்படுத்தியவர். நண்பரின் தத்துவத்தை எதிர்த்தார், கருவியை ஏற்றார், நட்பையும் முறிக்கவில்லை. ஃப்ராய்டு கேள்வி வந்தால் ஃபிஸ்டர் இல்லாமல் எழுதாதீர்கள்.

நடத்தையியல் உளவியலாளர் ஸ்கின்னருக்கு மனிதன் செய்வதெல்லாம் சூழலின் விளைவு. அப்படியானால் மனந்திரும்ப ஆளே மிஞ்சவில்லை. இரண்டு வரி போதும்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸிடம்தான் நேரம் செலவழிக்கவேண்டும். கட்டுப்பாடான கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவர். நியூயார்க்கில் யூனியன் இறையியல் கல்லூரியில் சேர்ந்து, இடையிலேயே உளவியலுக்கு மாறிப்போனவர். மனிதனின் அடிமனம் நம்பத்தக்கது, நிபந்தனையில்லாமல் ஏற்றுக்கொண்டால் அவன் தானே நிமிர்வான் என்பது அவர் நிலை. அமெரிக்க இறையியலாளர் ரைன்ஹோல்ட் நீபர் மனிதனின் மூலப் பாவம் அகந்தை, தன்மோகம் என்று எழுதியபோது, 1950களில் ரோஜர்ஸ் அதை மறுத்தார். தன்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தங்களை அளவுக்கு மீறி நேசிப்பவர்கள் இல்லை, எதற்கும் லாயக்கில்லாதவர் என்று தங்களையே வெறுப்பவர்கள் என்றார். 1960-இல் வேலரி சேவிங் என்ற பெண் இறையியலாளர் வேறு பக்கத்திலிருந்து இதையே தொட்டார். அகந்தையைப் பாவம் என்பது ஆண்களின் அனுபவம், பெண்ணின் சோதனையோ தன்னையே தொலைத்துவிடுவது என்றார்.

வார இறுதி ஊழியத்துக்குப் போன சபையில் ஒரு அம்மா ஆராதனை முடிந்ததும் வந்து நிற்பார். "எனக்குப் பெருமை அதிகம்மா, அதை உடைக்கச் சொல்லி ஜெபியுங்க" என்பார். முந்தானையை இழுத்து மூடியிருந்த கையில் நீலம் பாரித்திருக்கும். அடிக்கிற கணவனுக்காக அவர் தன் பாவத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அவரிடம் அகந்தையைப் பற்றிப் பிரசங்கித்தால் அது கொடுமை. இந்த இடத்தில் ரோஜர்ஸ் சொல்வதை நாம் கேட்கத்தான் வேண்டும், அதை விடையிலும் ஒளிக்காமல் எழுதவேண்டும்.

ஆனால் அந்தக் கணவனை என்ன செய்வது? அவனையும் ஏற்றுக்கொண்டால் போதுமா? ஏற்பு மட்டுமே மருந்து என்றால் மன்னிப்புக்கு அங்கே வேலையில்லை. மன்னிக்கவேண்டுமானால் முதலில் தப்பைத் தப்பு என்று சொல்லவேண்டும். "நான் அடக்கிவைத்தமட்டும், நித்தம் என் கதறுதலினாலே என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று" என்று 32-ஆம் சங்கீதக்காரன் அழுவது உண்மையான குற்றத்துக்காக. குற்றவுணர்வை மட்டும் தணித்து அனுப்பினால் அவன் குற்றம் அப்படியே இருக்கும். சிலுவை அந்த அம்மாவிடம் "நீ விலையேறப்பெற்றவள்" என்கிறது, அந்த மனிதனிடம் "நீ செய்தது பாவம்" என்கிறது, மன்னிப்பையும் நீட்டுகிறது. ரோஜர்ஸில் முதலாவது உண்டு, மற்ற இரண்டும் இல்லை. என் விடையின் மையமே இதுதான்.

மனதில் இருக்கவேண்டிய மற்றவர்கள்:

- ஹோபார்ட் மௌரர். அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்தவர். பாவம் என்ற சொல்லை உளவியல் திரும்ப எடுத்துக்கொள்ளவேண்டும் என்று 1960-இல் வாதிட்டார். ஆனால் அவரிடம் சிலுவை இல்லை.
- கார்ல் மெனிஞ்சர், 1973-இல் வந்த நூல். மனநல மருத்துவரே பாவம் எங்கே போனது என்று கேட்டார்.
- பால் விட்ஸ், 1977-இல் வந்த நூல். உளவியலே தன்னை வழிபடும் மதமாகிவிட்டது என்ற வாதம்.
- லாரி கிராப். யாத்திராகமத்தில் இஸ்ரவேலர் எகிப்தியரைக் கொள்ளையிட்டதுபோல் உளவியலில் நல்லதை எடுத்துக்கொள்ளலாம் என்றவர்.
- ஜே ஆடம்ஸ், 1970-இல் வந்த நூல். வேதத்தைக் கொண்டே ஆலோசனை சொல்லவேண்டும் என்றவர். அவரைப் பற்றிக் கீழே.

ஆடம்ஸை அப்படியே ஒப்பிப்பவர்கள் நம்மில் அதிகம். உடல் கோளாறை மருத்துவரிடம் விட்டுவிட்டு மற்றதைப் பெரும்பாலும் பாவமாகவே பார்த்தார். போதகருக்கு அவர் திரும்பக் கொடுத்த தைரியத்தை மதிக்கிறேன். ஆனால் துன்பப்பட்ட யோபுவிடம் அவன் நண்பர்களும், உன் பாவம்தான் காரணம் என்று அப்படித்தான் பேசினார்கள். "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சூரைச்செடியின்கீழ் படுத்த தீர்க்கதரிசி எலியாவைத் தேவதூதன் கண்டிக்கவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடச் சொன்னான், மறுபடியும் தூங்கவிட்டான். ஆடம்ஸை மதிப்பிட இந்தப் பகுதி ஒன்றே போதும்.

படிக்கிற முறை பற்றிக் கேட்டீர்கள். எனக்குக் கூட்டுப்படிப்பு ஒத்துவராது. அதிகாலையில் தனியாக உட்கார்ந்து, ஒருவருக்கு ஒரு பக்கம் என்று கையால் எழுதினேன். பக்கத்தின் மேல்பாதியில் அவர் சொல்வது. அவரே வாசித்தாலும் "ஆமாம், நான் சொன்னது இதுதான்" என்று ஒத்துக்கொள்ளும்படி இருக்கவேண்டும். கீழ்ப்பாதியில்தான் நம் பதில். மேல்பாதி சரியாக வராத ஆளைப் பரீட்சையில் தொடாதீர்கள்.

அப்புறம், சம்பவம் கொடுத்து வரும் கேள்வி. அதில் சாக நினைக்கிறவர் இருந்தால் விமர்சனத்தை எல்லாம் ஓரமாக வையுங்கள். சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேட்பது, தனியே விடாதது, மனநல மருத்துவரிடம் கூடவே போவது, மருந்தை நிறுத்தச் சொல்லாதது. இவற்றை முதலில் எழுதிவிட்டு அதன்பிறகு ஜெபத்துக்கு வாருங்கள்.