பருப்பு வேகுமா என்று கேட்டு வீடு பார்த்தோம்

அப்பா அம்மா பாளையங்கோட்டையை விட்டுச் சென்னைக்கு வருவதென்று முடிவானதும், என் வீட்டுப் பக்கமே ஓ.எம்.ஆரில் ஒரு ஃபிளாட் பார் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நாவலூரில் ஒரு பன்னிரண்டாவது மாடி பால்கனியில் நின்று அப்பா எட்டிப் பார்த்தார். "கீழ இறங்குனா எங்கலே போறது? ஒரு டீக்கடை உண்டா?" நடந்துபோகும் தூரத்தில் இல்லை. ரயிலும் இல்லை, தண்ணீர் லாரியில் வருகிறது. ஓ.எம்.ஆர் பேச்சு அத்தோடு முடிந்தது.

அதற்கப்புறம் தாம்பரம் ரயில் பாதையை விட்டு விலகுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். கல்யாணம், கோயில் கொடை, துட்டி (சாவு வீடு) என்று அவர்கள் ஊருக்குப் போகாமல் இருக்கப்போவதில்லை. நெல்லை எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நிற்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழும்பூர் வரை போய் அல்லாடவேண்டாம்.

நங்கநல்லூர் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது. 32 அடி ஆஞ்சநேயர், தெருவுக்குத் தெரு கோயில், பக்கத்திலேயே மெட்ரோ. வாடகைதான் அப்பா பென்ஷனில் பெரும்பங்கைக் கேட்டது. மிச்சத்தை நான் தருகிறேன் என்றால் அவர் அந்தப் பேச்சையே காதில் வாங்கமாட்டார்.

முடிச்சூரில் வாடகை குறைவு, வாசலில் வேப்பமரத்தோடு தனிவீடு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது அந்தப் பக்கம் என்ன ஆனது என்று எல்லாருக்கும் தெரியும். "அது ஒரு தடவ வந்ததுதான் சார்" என்றார் புரோக்கர். தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் கேட்டேன். ஒன்றும் பேசாமல் நெஞ்சுக்கு நேரே கையை வைத்துக் காட்டினார். வீட்டையும் அதற்கேற்ப உயர்த்தித்தான் கட்டியிருந்தார்கள்: வாசலில் ஏழு படி, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. அம்மா முழங்கால் வலியோடு மூன்றாவது படியிலேயே நின்றுவிட்டாள். வெள்ளம் வருமா வராதா என்று புரோக்கரிடம் வாதாடுவதைவிட வாசற்படியைப் பார்த்தாலே போதும்.

ஒவ்வொரு வீட்டிலும் அம்மா செய்த ஒரு காரியம் முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. குழாய்த் தண்ணியை ஒரு டம்ளரில் பிடித்து வாயில் ஊற்றிப் பார்ப்பாள். பிறகு பக்கத்து வீட்டு அக்காவிடம், "இந்தத் தண்ணில பருப்பு வேகுதா?" தாமிரபரணித் தண்ணியிலேயே ஆக்கித் தின்ற வாய். ஒரு வீட்டில் ஓனர் "நல்ல தண்ணி" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து வீட்டம்மா "கேன் தண்ணிதான் ஊத்துறோம்" என்று போட்டுடைத்தார். புரோக்கர் பதினைந்து நிமிடம் பேசினாலும் இந்த விவரம் வராது.

கடைசியில் அமைந்தது கிழக்குத் தாம்பரம் தாண்டி, சேலையூர் பக்கம் ஒரு தரைத்தளம். தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும், பருப்பு வெந்துவிடுகிறது. மழைக்காலம் முடியட்டும் என்று காத்திருக்காமல் நவம்பரில், அடைமழைக்கு மறுநாள் போய்ப் பார்த்தோம். தெரு காய்ந்திருந்தது. ஸ்டேஷனுக்கு டவுன் பஸ், அம்மாவுக்கு டிக்கெட் இல்லை. அப்பா அறுபது தாண்டியவர்களுக்கான மாதம் 10 இலவச டோக்கனை வாங்கி வைத்துக்கொண்டு, அதைச் செலவழிக்க மனமில்லாமல் நடக்கிறார்.

ஆஸ்பத்திரி விஷயத்தில் ஒன்று: பெயரையும் கட்டடத்தையும் பார்த்து மயங்காமல், பென்ஷனர் காப்பீட்டுப் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். அப்பாவுக்கு அதற்கென்று பென்ஷனில் மாதாமாதம் பிடிக்கிறார்கள், ஆனால் நாங்கள் பார்த்த ஒரு பகுதியில் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி எதுவும் பக்கத்தில் இல்லை.

பென்ஷனுக்கு வருஷாவருஷம் கொடுக்கவேண்டிய உயிர்வாழ் சான்றுக்கு ஊருக்கு ஓடவேண்டுமோ என்று அப்பா பயந்தார். தபால்காரரே வீட்டுக்கு வந்து 70 ரூபாயில் முடித்துவிட்டார். வலது கட்டைவிரலை மெஷின் ஏற்கவே இல்லை; சாக்பீஸ் பிடித்துத் தேய்ந்த விரல். ஆள்காட்டி விரலை வைத்ததும் எடுத்துக்கொண்டது.

சேலையூர் வீட்டை வாங்கவில்லை, பதினொரு மாத வாடகை அக்ரிமெண்ட்தான். பாளை வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம், மாடி அறையை மட்டும் பூட்டிச் சாவியை அம்மா வைத்திருக்கிறாள். இரண்டு மழைக்காலம் பார்த்த பிறகு வாங்குவதைப் பற்றிப் பேசலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.