மாடியில் ஒரு மக்கு பக்கெட்: 52 நாள் கணக்கு

கத்தரிச்செடிக்கு உரம் வேண்டும் என்றுதான் சமையலறைக் குப்பையை மக்க வைக்க ஆரம்பித்தேன். 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுற்றிலும் அடியிலும் ஓட்டை போட்டு, செங்கல் மேல் ஏற்றி வைத்தாயிற்று. காய்கறித் தோல் ஒரு பங்கு, காய்ந்த புங்க இலை இரண்டு பங்கு, மேலே ஒரு கரண்டி புளித்த மோர்.

ஒன்பதாம் நாள் மூடியைத் திறந்தால் குடலைப் புரட்டும் நாற்றம். தர்பூசணித் தோலை வெட்டாமல், இலையும் சேர்க்காமல் போட்டது என் தப்பு. ஈரம் ஏறிக் காற்றுக்கு வழியில்லாமல் போனால் மக்காது, அழுகும். "இனிமே நீயும் மாடியிலேயே படுத்துக்கோ" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

எல்லாவற்றையும் பழைய சிமென்ட் சாக்கில் கொட்டிப் பிரித்தேன். கையுறையோடு எது கட்டி, எது தோல் என்றே தெரியவில்லை. கழற்றி எறிந்துவிட்டு, கொழகொழவென்று இருந்ததை வெறுங்கையால் உதிர்த்தேன். தென்னை நார்த்தூளை அள்ளி அள்ளிக் கலந்தேன். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் பிடிகொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அந்தப் பதம் கைக்குப் பிடிபட முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரம் போனைத் தொடவில்லை என்பது கீழே வந்த பிறகுதான் உறைத்தது.

மூன்று நாள் கழித்துக் கையை உள்ளே விட்டேன், வெதுவெதுப்பு! பெரிய குவியல் என்றால் 55, 60 டிகிரி வரை போகும். பக்கெட்டுக்கு இதுவே அதிகம்.

25ஆம் நாள் புழு. சாம்பல் நிறம், தட்டை உடம்பு, நூற்றுக்கணக்கில். அலறிவிட்டேன். கறுப்புப் படைவீரன் ஈயின் புழுவாம். குப்பையை வேகமாகத் தின்று தீர்க்கும், வளர்ந்த ஈ வீட்டு ஈ மாதிரி சாப்பாட்டில் மொய்க்காது. அம்மாவிடம் சொல்லவில்லை.

இதற்கிடையில் மாவுப்பூச்சி கத்தரிச்செடியை முடித்துவிட்டது. ஆனாலும் சாயந்திரமானால் மாடிக்குப் போய்விடுகிறேன். ஆபீஸில் நாள் முழுக்க எக்செல்லில் எதையோ நகர்த்துகிறேன். இங்கே கிளறினால், போன வாரம் போட்ட வாழைப்பழத் தோலைத் தேடினாலும் கிடைப்பதில்லை.

நேற்று, 52ஆம் நாள், மணல் சல்லடையில் சலித்தேன். மூன்று கிலோ தேறியது. கறுப்பாக, காபித்தூள் பதத்தில், புது மழை வாசனையோடு. மாங்கொட்டையும் முட்டை ஓடும் போட்டபடியே கிடந்தன. அவை இரண்டாவது பக்கெட்டுக்குப் போய்விட்டன. இப்போது காய்ந்த இலைக்குத்தான் தட்டுப்பாடு. தெரு பெருக்க வரும் அக்காவிடம் ஒரு சாக்கு இலை வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.