மின்வெட்டு யார் கணக்கில்?

யாங்கோனில் இருந்துகொண்டு, இணையத் தளம் ஒன்றின் வழியாகத் தமிழ் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கிக் கொடுப்பதுதான் சில ஆண்டுகளாக என் பிழைப்பு. பேச்சைப் புரிந்துகொள்ளும் மென்பொருள்களைப் பயிற்றுவிக்க வெளிநாட்டு நிறுவனங்கள் இந்த எழுத்துகளை வாங்குகின்றன. வாங்குபவர் யார், எந்த நாட்டவர் என்பது எங்களுக்குச் சொல்லப்படுவதில்லை. ஒரு பணி எண், ஒரு வழிகாட்டிக் கோப்பு, திரையின் மூலையில் ஓடும் ஒரு கடிகாரம், எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பணியைத் திறந்தால் சில நிமிட ஒலி அலைக்கோடாகத் திரையில் விரியும். பேசுபவர் மாறும் இடங்களிலெல்லாம் அதை வெட்ட வேண்டும். மூச்சு, சிரிப்பு, பின்னால் ஓடும் தொலைக்காட்சி, குக்கர் விசில் என ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி உண்டு. இருவர் ஒரே சமயத்தில் பேசினால் இரண்டு வரிசைகளாகப் பிரிக்க வேண்டும். மதுரைப் பக்கத்துப் பேச்சு வேகமாக வந்தால், பர்மாவில் பிறந்து வளர்ந்த என் காதுக்கு அதே வாக்கியத்தை நான்கைந்து முறை போட்டுக் கேட்டால்தான் பிடிபடும். கூலியோ நாம் செலவிடும் நேரத்துக்கு அல்ல, ஒலியின் நிமிடத்துக்கு. ஒரு நிமிட ஒலிக்குக் கால் மணி நேரம் ஆனாலும் தளத்தின் கணக்கில் அது ஒரு நிமிடமே. பணி வருமா என்று காத்திருக்கும் நேரத்துக்கும், தகுதித் தேர்வு எழுதும் நேரத்துக்கும் கூலி கிடையாது. இது எங்கள் ஊரில் மட்டும் உள்ள குறையல்ல. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 75 நாடுகளைச் சேர்ந்த 3,500 தளத் தொழிலாளர்களிடம் விசாரித்து 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கூலி பெறும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சராசரியாக 20 நிமிடம் கூலியில்லாமல் கழிகிறது, 4.43 டாலராகத் தோன்றும் மணிக்கூலி, அந்த நேரத்தையும் சேர்த்தால் 3.29 டாலராகக் குறைகிறது.

அந்தக் கணக்கிலும் வராத ஒன்றைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன். எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்று தளம் அழைக்கிறது. ஆனால் நாம் இருக்கும் இடத்தின் குறைகளையெல்லாம் நம் குறைகளாகவே அது பதிவு செய்கிறது.

எங்கள் பகுதியில் மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது. வந்ததும் முதலில் தண்ணீர் மோட்டார், பிறகு அரிசி உலை, கூடவே இன்வெர்ட்டர் பேட்டரி, கணினி, கைப்பேசி எல்லாம் ஏற வேண்டும். மின்சாரம் போனபின் பேட்டரியில் கணினி ஓடும். ஆனால் அக்கம்பக்கத்துக் கைப்பேசிக் கோபுரத்தின் பேட்டரி தீர்ந்துவிட்டால் இணைப்பு கம்பியாக மெலிந்து பின் அறுந்துபோகும். கடிகாரம் மட்டும் நிற்காது. நேரம் முடிந்ததும் பணி பொதுப் பட்டியலுக்குத் திரும்பிவிடும். பாதிவரை எழுதியது போய்விடும். ‘பணியைக் கைவிட்டவர்’ என்று என் பெயரில் ஒரு குறி விழும். அந்தக் குறிகள் சேரச் சேர மதிப்பீடு இறங்கும், மதிப்பீடு இறங்கினால் நல்ல கூலியுள்ள பணிகள் கண்ணிலேயே படாது. யாங்கோனை அடுத்த தான்லியினில் இருந்து இதே வேலையைச் செய்யும் ஒரு பெண், “அக்கா, நான் எழுதினதில் ஒரு பிழையும் காட்டவில்லையே, பிறகு ஏன் அக்கா மதிப்பெண் குறைஞ்சுது?” என்று கேட்டாள். மிகத் துல்லியமாக எழுதக்கூடியவள். அவளுடைய உழைப்பில் ஒரு குறையும் இல்லை. அவள் தெருவில் மின்சாரம் இல்லை.

உலகத்தின் கட்டமைப்பு எங்கள் நாட்டை எட்டவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஙுவேசாங் கடற்கரையில் கடலடி இணைய வடங்கள் கரையேறுகின்றன. 2014இல் வெளிநாட்டுக் கைப்பேசி நிறுவனங்கள் வந்தபோது, அதுவரை சாதாரண மக்கள் நினைத்தும் பார்க்க முடியாத விலையில் இருந்த சிம் அட்டை, எங்கள் நாட்டு நாணயமான கியாட்டில் வெறும் 1,500க்குத் தெருமுனைக் கடைகளில் கிடைத்தது. அந்த நம்பிக்கையில்தான் என்னைப் போன்ற பலர் இணைய வேலைக்குள் வந்தோம். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் நள்ளிரவு 1 மணி முதல் காலை 9 மணி வரை இணையம் நிறுத்தப்பட்டது. மார்ச் மத்தியில் கைப்பேசித் தரவும், ஏப்ரல் தொடக்கத்தில் கம்பியில்லா இணைப்பும் போயின. கண்ணாடி இழை இணைப்பு வைத்திருந்தவர்கள் மட்டுமே மிஞ்சினார்கள். 2024 மே இறுதியிலிருந்து, தடைசெய்யப்பட்ட தளங்களைச் சுற்றுவழியில் எட்ட உதவும் விபிஎன் செயலிகளும் முடக்கப்பட்டன. இவற்றில் ஒன்றைக்கூடத் தளத்தின் கடிகாரம் அறியாது.

சம்பாதித்த பணத்தைக் கைக்குக் கொண்டுவருவது தனி வேலை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, உள்ளே வரும் அந்நியச் செலாவணியை ஒரு நாளுக்குள் டாலருக்கு 1,850 கியாட் வீதம் மாற்றிவிட வேண்டும் என்று ஆணையிட்டது. ஆகஸ்டில் அது 2,100 ஆயிற்று. வெளிச்சந்தை விலையோ அதைத் தாண்டி எங்கோ போய்விட்டது. அதே ஆண்டு அக்டோபரில், சட்டவிரோதப் பணப்புழக்கத்தைக் கண்காணிக்கும் பன்னாட்டு அமைப்பு மியன்மாரைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தபின், நாட்டின் பெயரைப் பார்த்ததுமே வெளிநாட்டு வங்கிகள் தயங்குகின்றன. எனவே சிங்கப்பூரிலோ பாங்காக்கிலோ இருக்கும் உறவினர் கணக்கில் பணம் விழுந்து, உண்டியல் வழியாக, அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் பணம் கைமாற்றும் முறையில், இங்கு வந்து சேர்கிறது. செட்டியார்கள் காலத்திலிருந்தே உண்டியல் இந்த ஊர்த் தமிழர்களுக்குப் பழக்கமானதுதான். ஆயினும் கணினியில் தொடங்கிய வேலையின் கூலி, கடைசியில் தெரிந்தவரின் நேர்மையை மட்டும் நம்பி வருகிறது என்பது எனக்கு ஒவ்வொரு மாதமும் கவலை தரும் விஷயம். இடையில் போகும் தரகு எங்களுடையது. பேட்டரி செலவும் இரண்டாவது சிம்முக்கான செலவும் எங்களுடையவையே.

தளத்துக்கு இது தெரியாமல் இல்லை என்பதுதான் என்னை வருத்துகிறது. ஒருவர் பணியை மூடிவிட்டுப் போனாரா, இணைப்பு அறுந்ததா என்பது சேவையகத்தின் பதிவிலேயே தெரியும். எழுதியவரையில் சேமித்து வைத்து, இணைப்பு திரும்பியதும் தொடரவிடுவது அரிய தொழில்நுட்பமும் அல்ல. 2025 ஜூனில் ஜெனீவாவில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, தளத் தொழிலாளர்களுக்கென ஓர் உடன்படிக்கையை உருவாக்குவது என முடிவெடுத்து, அடுத்த விவாதத்தை 2026க்கு வைத்தது. கூலியையும் காப்பீட்டையும் பற்றிப் பேசுபவர்கள் மதிப்பெண்ணைப் பற்றியும் பேச வேண்டும்: இணைப்பு அறுந்ததால் முடியாமல் போன பணி தொழிலாளியின் பெயரில் ஏறக் கூடாது, அறுந்த நிமிடம்வரை எழுதியதற்குக் கூலி தர வேண்டும், மதிப்பீடு ஏன் இறங்கியது என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு மனிதர் இருக்க வேண்டும்.