கைக்குழந்தையோடு கேமரன் மலைக்கு

பள்ளி விடுமுறை வந்தாலே தாப்பா பட்டணத்தில் எல்லாருக்கும் கேமரன் ஆசை வந்துவிடும். தாராளமாகப் போகலாம். ஆனால் ரெண்டு மாதத் தடுப்பூசி போடாத பிள்ளையைக் கூட்டத்துக்குள் கொண்டுபோக வேண்டாம் என்பேன்.

காரில் பாட்டி மடி பாதுகாப்பில்லை. மலேசியாவில் 2020 முதல் குழந்தைக்கான கார் சீட் சட்டப்படி கட்டாயம். பின் இருக்கையில், பின்பக்கம் பார்த்து மாட்டுங்கள். பெல்ட் நுழையும் இடத்தைப் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது. மலைப்பாதையில் ரிங்லெட் ஊரைத் தாண்டினால் குளிரும், உடனே தடித்த ஸ்வெட்டரைப் போட்டு அதன்மேல் வாரைப் பூட்டுவார்கள். மோதினால் துணி அமுங்கி வார் தளர்ந்துவிடும், பிள்ளை நழுவும். மெல்லிய சட்டையோடு பூட்டிவிட்டு, மேலே போர்வை போர்த்துங்கள்.

பவுடர் பாலை முன்கூட்டியே கலக்காதீர்கள். சுடுநீர் ஃபிளாஸ்கில், பவுடர் தனியே. கலக்கிய பால் 2 மணி நேரம்தான் தாங்கும். பிள்ளை வாய் வைத்த பால் 1 மணி நேரம்தான். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள், அத்தை முறைத்தாலும்.

வளைவுகளில் வாந்தி எடுப்பது பெரும்பாலும் 2 வயதுக்கு மேற்பட்டவர்கள்தான். கைப்பேசியைப் பிடுங்கிவிட்டு ஜன்னலைக் காட்டுங்கள். வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவியில் நிறுத்தலாம். மலை இறங்கும்போது கைக்குழந்தை காது அடைத்து அழும், சூப்பான் கொடுங்கள்.