நள தீர்த்தத்தில் ஒரு வாளித் தண்ணீர்

சேது யாத்திரை என்றால் பலருக்கும் ராமேசுவரம் மட்டும்தான். ரயிலில் இறங்குவார்கள், 22 தீர்த்தமும் ஆடுவார்கள், சுவாமி பார்த்துவிட்டுத் தனுஷ்கோடியில் நாலு படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள். பெரியவர்கள் வகுத்த முறை வேறு. முதலில் உப்பூர், அடுத்து தேவிபட்டினம், பிறகு திருப்புல்லாணி, சேதுக்கரை. அதற்கப்புறம்தான் தீவு. தொழில் நடத்துகிறவர்கள் இந்த வரிசையை மாற்றாமல் போய்வருவது நல்லது. நடுவில் உள்ள திருப்புல்லாணியை விட்டுவிட்டால், ராமன் இலங்கைக்கு அணை கட்டிய கதையில் வேலை எங்கே முடங்கி நின்றது, எப்படி நகர்ந்தது என்பதே கைக்குச் சிக்காது.

ராமனுக்குக் கோட்டு மாட்டி மேலாண்மை வகுப்பு எடுக்கும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. அதெல்லாம் வேண்டியதில்லை. இந்தத் தலங்களில் நடைமுறையாக நின்றுவிட்ட விஷயங்களைக் கவனித்தாலே போதும்.

உப்பூர் தொண்டி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. வெயிலுகந்த விநாயகர், சின்னக் கோயில், அரை மணி நேரத்தில் கும்பிட்டுக் கிளம்பலாம். தேவிபட்டினம் ராமநாதபுரத்திலிருந்து சுமார் 15 கி.மீ. அணை வேலைக்கு முன் ராமன் நவக்கிரக பூஜை செய்ததாகச் சொல்லப்படும் ஒன்பது கற்கள் கடலுக்குள்ளேயே நிற்கின்றன. நீர் ஏறியிருக்கும் நேரத்தில் போனால் கற்களின் தலைகூடத் தெரியாமல் ஏமாந்து திரும்ப நேரும். உள்ளூரில் யாரையாவது நீர் இறங்கும் நேரம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். படிகளில் பாசி வழுக்கும்.

திருப்புல்லாணி ராமநாதபுரத்துக்குத் தெற்கே சுமார் 10 கி.மீ. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. ஆதிஜெகந்நாதப் பெருமாளைச் சேவித்துவிட்டுத் தர்ப்பசயன ராமர் சந்நிதிக்கு வாருங்கள். நின்ற ராமனையும் அமர்ந்த ராமனையும் பார்த்த கண்ணுக்குப் படுத்த ராமன் புதிதாக இருப்பான். கடலரசனிடம் வழி கேட்டு, தர்ப்பைப் புல்லைப் பரப்பி மூன்று இரவு கிடந்த கோலம் அது. நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே வந்துவிடுவது உத்தமம்.

அந்தச் சந்நிதி முன்னால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. கடலிடம் வேண்டிக்கொள்ளச் சொன்னவன் விபீடணன். எதிரி வீட்டிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்த ஆள். அவன் சொன்ன முதல் யோசனைக்கு மூன்று நாளாகப் பலன் இல்லை. கோபம் வந்தது உண்மைதான், வில்லையும் எடுத்தான் ராமன். ஆனால் அந்தக் கோபம் கடல்மேல் போனதே தவிர யோசனை சொன்னவன்மேல் திரும்பவில்லை. பின்னால் அணை எழும்பியதும், இலங்கைப் பக்கக் கரையில் கதாயுதத்தோடு நின்று எதிரி வராமல் காக்கும் பொறுப்பு அதே விபீடணனிடம்தான் இருந்தது.

வில்லைப் பார்த்துக் கடலரசன் வெளியே வந்தான். ஆழமாக இருப்பது என் இயல்பு, அதை மாற்ற முடியாது என்றுதான் அப்போதும் சொன்னான். கூடவே, 'உன் படையிலேயே நளன் இருக்கிறான், விசுவகர்மாவின் மகன், அவன் கட்டட்டும், நான் தாங்குகிறேன்' என்றான். மூன்று நாளாகத் தேடிய வழி பக்கத்துக் கூடாரத்தில் இருந்திருக்கிறது. 'இத்தனை நாள் ஏன் வாய் திறக்கவில்லை?' என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். வால்மீகியில் நளனே அதற்குப் பதில் வைத்திருக்கிறான்: யாரும் கேட்காதபோது என் திறமையை நானே எப்படிச் சொல்லிக்கொள்வது?

தொழிற்கூடங்களில் அன்றாடம் நடப்பது இதுதான். திருப்பூரில் ஒரு யூனிட்டில் செக்கிங் மேசையில் நிற்பவர், முன்பு பத்து வருஷம் ஓவர்லாக் மெஷின் மெக்கானிக்காக இருந்திருப்பார். மெஷின் நின்றதும் முதலாளி வெளியூருக்கு போன் போட்டு ஆள் வரவழைப்பார். இவர் பார்த்துக்கொண்டு நிற்பார், ஏனென்றால் அது இவர் மேசை இல்லை. ஆள் சேர்க்கும் படிவத்தில் கடைசியாகப் பார்த்த வேலைக்கு மட்டும்தான் கட்டம் இருக்கும். அதற்கு முன் என்ன செய்தார், வீட்டில் என்ன தொழில் என்பதற்குக் கட்டமே இருக்காது. நளனுக்குக் கைவேலை வந்தது அப்பா வழியில். கூட்டம் போட்டு 'யாருக்கு என்ன தெரியும், சொல்லுங்க' என்றால் வாயாடிகள்தான் கை தூக்குவார்கள். ஒவ்வொருவராக, டீ குடிக்கிற நேரத்தில், 'இங்கே வர்றதுக்கு முன்னாடி எங்கே இருந்தீங்கண்ணே?' என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரை நாலைந்து கி.மீ. கடலில் முழுக்குப் போட்டு, இலங்கையை நோக்கி நிற்கும் அனுமனைக் கும்பிட்டுவிட்டு வண்டி ஏறலாம். போகிற வழியில் நினைத்துப் பார்க்க ஒரு கணக்கு. அணையின் நீளம் 100 யோசனை (யோசனை என்பது பழைய தூர அளவு), கட்டியது ஐந்து நாளில். நம் பக்கம் பாராயணம் செய்யும் வால்மீகி பாடத்தில் நாள்வாரியாகவே வருகிறது: முதல் நாள் 14, அடுத்தடுத்து 20, 21, 22, 23. நூறை ஐந்தால் வகுத்து ஒரு நாளைக்கு 20 என்று இலக்கு வைத்துப் பாருங்கள். முதல் நாள் மாலையில் 6 யோசனை பாக்கி. இரண்டாம் நாளும் அதே 6. மூன்றாம் நாள் 5, நாலாம் நாள் 3. ஐந்தாம் நாள் மாலைதான் கணக்கு நேராகிறது. அதாவது நாலு நாளும் வேலை பின்தங்கித்தான் இருந்தது! முதல் நாள் சிலர் அளவுநூல் பிடித்தார்கள், சிலர் அளவுகோல் ஏந்தினார்கள், சிலர் கல்லும் மரமும் கொண்டுவந்தார்கள். கை பழக ஒரு நாள் ஆகும். இரண்டாம் நாள் 6 யோசனை கூடியது அதனால்தான். அப்புறம் தினம் ஒன்று என்று நிதானமாக ஏறுகிறது. முதல் நாள் கணக்கைப் பார்த்துப் பதறி மேஸ்திரியை மாற்றியிருந்தால் மறுநாளும் 14-தான் வந்திருக்கும்.

ராமேசுவரத்தில் முதல் நாள் பிற்பகலைத் தனுஷ்கோடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பொழுது சாய்ந்தால் அரிச்சல்முனைப் பக்கம் விடமாட்டார்கள். வழியில் கோதண்டராமர் கோயில், விபீடணன் அடைக்கலம் புகுந்த இடம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோதும் இது தப்பி நின்றது. இங்கே ஆண்டுதோறும் விபீடணர் பட்டாபிஷேகம் நடக்கிறது. போர் தொடங்குமுன்பே, கடல் நீரைக் கொண்டுவரச் சொல்லி, ஜெயிக்காத நாட்டுக்கு ராஜாவாக முடிசூட்டினார்கள். அதற்கு முன்னால், விபீடணனைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று சுக்ரீவன், அங்கதன், சாம்பவான், அனுமன் என்று ஒவ்வொருவர் கருத்தையும் கேட்டுவிட்டு ராமன் கடைசியாகத்தான் பேசினான். முதலாளி முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள்.

மறுநாள் விடியற்காலை கோயில். ஸ்படிக லிங்க தரிசனம் 5 மணியை ஒட்டி, முன்கூட்டியே வரிசையில் நிற்க வேண்டும். அது முடிந்து அக்னி தீர்த்தக் கடலில் குளித்து, ஈரத்தோடு உள்ளே வந்து 22 தீர்த்தம். சீட்டு வாங்கிக்கொண்டு எண் பலகையைப் பார்த்தபடி போங்கள். கிணறுகள் ஒரே நேர்கோட்டில் இல்லை, கூட்டத்தின் பின்னால் போனால் ஒன்றிரண்டு விட்டுப்போகும். கிணற்றுச் சுவரில் நிற்பவர் வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுவார். சாதாரண நாளில் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் பிடிக்கும். தை, ஆடி, மகாளய அமாவாசைகளில் அரை நாள் போய்விடும். கல்தளம் முழுக்க ஈரம், வயதானவர்கள் விழுவது இங்கேதான். ஜீன்ஸ் நனைந்தால் நடக்கவே முடியாது, பருத்தித் துணி போதும். ஈர உடையோடு மூலவர் பக்கம் விடமாட்டார்கள், மாற்றுத் துணியை உறையில் கட்டி வையுங்கள். செல்போனுக்கும் உள்ளே அனுமதியில்லை.

சேதுமாதவர் சந்நிதியை ஒட்டி வரும்போது பலகைகளைக் கொஞ்சம் நின்று படியுங்கள். கந்தமாதனம், கவாட்சம், கவயம், நளன், நீலன். ஐந்தும் வானரத் தலைவர்கள் பெயர். கங்கை, யமுனை, காயத்ரி, சரஸ்வதி என்று தெய்வப் பெயர் தாங்கிய கிணறுகளுக்கு நடுவே, வேலைக்கு வந்தவர்களுக்கும் அதே அளவில் ஆளுக்கொரு கிணறு. பக்தர்கள் தலையில் விழுகிற தண்ணீரில் தங்களுக்கென்று ஒரு வாளி அவர்களுக்கு இன்றும் உண்டு. பல கம்பெனிகளில் திறப்பு விழாக் கல்வெட்டில் வந்த விருந்தினர் பெயர் இருக்கும், கட்டிய பொறியாளர் பெயர் இருக்காது.

கோடி தீர்த்தத்தோடு நீராடல் முடிகிறது. அந்தத் தண்ணீரைத்தான் வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். உடை மாற்றிக்கொண்டு 1212 தூண்கள் நிற்கும் மூன்றாம் பிரகாரத்தைச் சுற்றி உள்ளே போகலாம்.

மூலவர் ராமநாதர் சீதை பிடித்த மணல் லிங்கம். கயிலையிலிருந்து லிங்கம் கொண்டுவர அனுமனை அனுப்பியிருந்தார்கள். முகூர்த்தம் நெருங்கியும் அவன் வரவில்லை, மணலில் பிடித்துப் பிரதிஷ்டை செய்துவிட்டார்கள். வந்து சேர்ந்த அனுமனுக்கு அழுகையும் ஆத்திரமும். வாலால் சுற்றி இழுத்துப் பார்த்தான், மணல் லிங்கம் அசையவில்லை. ராமன் அவனுக்காக முகூர்த்தத்தையும் தள்ளவில்லை, வைத்த லிங்கத்தையும் எடுக்கவில்லை. தாமதமாக வந்தாய் என்றும் குத்திக்காட்டவில்லை. அனுமன் கொண்டுவந்ததை வடக்கே விசுவநாதராக நிறுத்தி, முதல் பூஜை இவருக்கே என்று வைத்துவிட்டான். ஆண்டு விழா மேடையில் ஒரு சால்வை போர்த்தி முடிக்கிற பாராட்டு இல்லை இது, தினசரி வேலை அட்டவணையிலேயே ஏறிவிட்ட பாராட்டு. இன்றைக்கும் விசுவநாதருக்கு ஆன பிறகுதான் ராமநாதருக்கு.

கூட்ட நாளில் கம்பித் தடுப்பு நேரே ராமநாதரிடம் கொண்டுபோய், அப்படியே வெளியே தள்ளிவிடும். விசுவநாதர் சந்நிதி எந்தப் பக்கம் என்று வரிசையில் நிற்கும்போதே அங்கிருப்பவர்களைக் கேட்டு வையுங்கள். கேட்காவிட்டால் யாரும் சொல்லமாட்டார்கள்.